நட்சத்திரம் போடாத கடிதம்

மூலக்குளம், புதுச்சேரி
14-9-1986

அன்புள்ள நிஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ பம்பாய் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம். வழக்கத்துக்காக எழுதும் சுகம் இல்லை, நிஜமாகவே சுகம்.

சென்ட்ரலில் உன்னை ரயிலேற்றிவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது திண்டிவனம் தாண்டியதும் பாப்பா என் தோளிலேயே தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து கண் விழித்தவுடன் அடுப்படியில் போய் உன்னைத் தேடினாள். பிறகு கொல்லையில். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ஜீனத் அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிகளைக் காட்டினாள். அத்தான் மவுத்தாகி அடக்கம் செய்த நாளிலிருந்து வாய் திறக்காமல் இருந்த அக்கா இப்போது நாள் முழுக்க நம் ஹபீபா பாப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். உன் புண்ணியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ரயிலடியில் நாம் பேசிவைத்ததை அவளிடம் சொன்னேன். உறையின் மூலையில் குறி ஒன்றும் இல்லாவிட்டால் எல்லாம் நலம், நீ ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பிரிக்கலாம். ஒரு நட்சத்திரம் என்றால் கவனிக்க வேண்டியது, அன்றே பிரிக்க வேண்டும். இரண்டு என்றால் ஆஸ்பத்திரி அல்லது மவுத்து, உடனே கிளம்ப வேண்டும். அக்கா சிரித்துவிட்டாள். “பொண்டாட்டிக்குக் கடுதாசி போடறதுக்கு நட்சத்திரம் பாக்கற மொத ஆளு நீதாண்டா” என்கிறாள். நீ பம்பாயில் செய்யப்போகும் கம்ப்யூட்டர் மிஷின் திரையைப் பற்றிப் பேசும்போது தோன்றிய யோசனை என்று சொன்னால் அவளுக்கு எங்கே விளங்கும். ஆனாலும் நீ சொன்னது நியாயம்தான். வேலைக்கு நடுவில் ஊரிலிருந்து கடிதம் வந்தால் பிரிப்பதற்குள் என்ன செய்தியோ என்று பயமாக இருக்கும் என்றாய். பயம் வேண்டாம். மூலையைப் பார்த்துக்கொள், போதும்.

மில்லில் மிஷின் ரூம் வெறிச்சென்று இருக்கிறது. உன் கம்பெனி மிஷினைக் கொண்டுவந்து வைத்த அந்த ஆறு மாதமும் நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதினாய், நான் ஆபரேட்டராக அதை ஓட்டினேன். இப்போது அந்த நாற்காலியில் பேப்பர்க் கட்டு வைத்திருக்கிறார்கள். மானேஜர் வந்து, “புதுத் திரை வருதாமே, உன் வீட்டம்மாதான் செய்றாங்களாமே” என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் பம்பாய், அப்புறம் உன் கம்பெனி மெட்ராஸ் ஆபீஸ் திறந்தால் நீ அங்கே. தினமும் ஒரு தடவை இதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

துஆவுடன்,
கமருஸ்ஸமான்

செம்பூர், பம்பாய்
28-9-1986

அன்பு மச்சானுக்கு,

அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தின் மூலையைப் பார்த்துவிட்டு மேசை அறையில் போட்டேன். ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை, மத்தியானமே பிரித்துவிட்டேன். பாப்பா கட்டிலுக்கு அடியில் பார்த்தாள் என்ற வரியை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். இல்லை, எழுதுங்கள். எழுதாவிட்டால் அதைவிட மோசம்.

விடுதி பரவாயில்லை. அறையில் என்னோடு இரண்டு பேர், ஒருத்தி பாலக்காட்டுக்காரி. மழை நின்றபாடில்லை. துணி காய்வதே இல்லை.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல. ஒரு மிஷினில் ஒரே நேரத்தில் பல புரோகிராம் ஓடுகிறது. தறியில் நெய்த கஜத்தை எண்ணுவது ஒன்று, நூல் கிடங்குக் கணக்கு ஒன்று, சம்பளம் ஒன்று. எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது, எதை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும் என்று ஆபரேட்டர் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். அத்தனையையும் ஒரே திரையில் காட்டி, அங்கிருந்தே நிறுத்தவும் கிளப்பவும் வழி செய்வதுதான் என் வேலை. புரோகிராம் எழுதுவதைவிட இது கஷ்டம். எதைக் காட்டுவது என்பது பெரிய காரியமில்லை, எதைக் காட்டாமல் விடுவது என்பதில்தான் நாள் முழுக்கப் போகிறது.

உங்களை நாற்காலியில் உட்காரவைத்து நினைத்துக்கொண்டுதான் வரைகிறேன். டீ வாங்கக் கையை நீட்டும்போது மச்சான் கண்ணில் முதலில் எது படும், எது படாது. நன்றாக ஓடுகிற வரிக்கு எந்தக் குறியும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கவனிக்க வேண்டியதற்கு ஒரு நட்சத்திரம். நின்றுபோனதற்கு இரண்டு, கூடவே மணி அடிக்கும். எங்கள் பிரிவுத் தலைவர் பார்த்துவிட்டு, இதை யாரிடம் கற்றாய் என்று கேட்டார். கடிதம் எழுதும் ஒருவரிடம் என்றேன்.

ஜீனத் மதினிக்கு என் ஸலாம். பாப்பாவுக்குத் தலை பின்னும்போது இழுத்துப் பின்ன வேண்டாம் என்று சொல்லுங்கள், அவளுக்கு நெற்றி வலிக்கும். மெட்ராஸ் ஆபீஸ் பற்றி விசாரித்தேன். திறப்பது உறுதியாம்.

உங்கள்,
நிஷா

★
மூலக்குளம்
5-12-1986

அன்புள்ள நிஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நட்சத்திரத்தைப் பார்த்துப் பதறியிருப்பாய். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. ஊரெல்லாம் அம்மை என்றதால் பயந்தோம், அம்மை இல்லை. இரண்டு போடும் அளவுக்கு இல்லை, ஒன்றும் போடாமல் விடவும் மனசு வரவில்லை. காய்ச்சலில் அவள் உன்னைக் கூப்பிட்டாள். அக்கா “இருக்கேன், இருக்கேன்” என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டே இருந்தாள். குரல் யாருடையது என்று அந்த நேரத்தில் பிள்ளைக்குத் தெரியுமா என்ன, அடங்கித் தூங்கிவிட்டாள்.

உன் கடிதத்தை நாங்கள் படிக்கும் விதத்தை உனக்கு எழுதவே இல்லை. தபால்காரர் எந்தக் கிழமை கொடுத்தாலும் பிரிப்பதில்லை. ரேடியோவின் மேல் வைத்துவிடுவேன். எனக்கு வெள்ளிக்கிழமைதானே மில் விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பேன். அக்கா வெற்றிலையோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். அதுவரை பாப்பா ரேடியோவுக்குக் கீழே நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் “சத்தம் போடாதீங்க, அம்மா தூங்குது” என்பாள். வாரம் முழுக்க அந்தக் கடிதம் அங்கே இருப்பது வீட்டுக்கு ஒரு ஆள் வந்த மாதிரி இருக்கிறது.

உன் திரை வந்துவிட்டது. அழகாக இருக்கிறது, நிஜமாகத்தான் சொல்கிறேன். முதல் வாரம் மிஷின் ரூமுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு விஷயம் மட்டும். ஒற்றை நட்சத்திரம் எப்போதும் ஏதாவது ஒரு வரியில் இருந்துகொண்டே இருக்கிறது. முதலில் ஓடி ஓடிப் பார்த்தோம். இப்போது அது இருந்தால்தான் திரை திரை மாதிரி இருக்கிறது என்று மற்ற ஆபரேட்டர்கள் கேலி செய்கிறார்கள். நேரம் கிடைத்தால் யோசி.

துஆவுடன்,
கமருஸ்ஸமான்

செம்பூர்
11-1-1987

அன்பு மச்சானுக்கு,

அலைக்கும் ஸலாம். தாமதத்துக்குக் கோபப்படாதீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்று அகமதாபாத் மில் ஒன்றிலிருந்து ஆட்கள் திரையைப் பார்க்க வந்திருந்தார்கள். உறையின் மூலையைப் பார்த்தேன், ஒன்றுதானே என்று கைப்பையில் வைத்தேன். மூன்று நாள் அதிலேயே இருந்துவிட்டது. பிரித்துப் படித்தபோது காய்ச்சல் என்ற சொல்லில் எனக்குத் தலை சுற்றியது. காய்ச்சல் எப்போதோ போயிருக்கும் என்று தெரிந்தும் சுற்றியது.

அம்மா தூங்குது என்று சொல்கிறாளா. அதைப் பாலக்காட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலித்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு நான் இங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன், இப்போது படிப்பார்கள் என்று.

நட்சத்திரம் பழகிப்போனதைச் சொன்னீர்கள். குறித்துக்கொண்டேன். இப்போதைக்குக் கை ஓயவில்லை. நோன்புப் பெருநாளைக்கு இன்ஷா அல்லாஹ் வருகிறேன், லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நிஷா

★
மூலக்குளம்
10-4-1987

அன்புள்ள நிஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளை சுகம், அக்கா சுகம். நட்சத்திரம் எனக்காகப் போட்டது.

புதன்கிழமை பகல் ஷிப்டில் தறி எண்ணும் புரோகிராம் காலையிலேயே உறைந்துபோய்விட்டது. நிற்கவில்லை, நின்றிருந்தால் மணி அடித்திருக்கும். ஓடவும் இல்லை. திரையில் அந்த வரி குறி ஒன்றும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. நான் நாலு தடவையாவது பார்த்திருப்பேன். எல்லாம் நலம் என்றுதான் இருந்தது. ஷிப்ட் முடிந்து கணக்குச் சீட்டு வந்தபோது எல்லாத் தறிக்கும் காலைக் கணக்கோடு நின்றிருந்தது. தறிக்காரர்களுக்கு நெய்த கஜத்துக்குத்தான் கூலி என்பது உனக்குத் தெரியும்.

மிஷின் ரூம் வாசலில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். பக்கிரி அண்ணனும் வந்திருந்தார். என் நிக்காஹ்வுக்கு வந்து பந்தி பரிமாறியவர். என் முகத்துக்கு நேரே கேட்டார். “தறி ஓடுனது எங் காதுல இன்னும் கேக்குது. ஒம் பொட்டிக்கு மட்டும் கேக்கலயா?” நான் திரையைக் காட்டினேன். இதோ பாருங்க, ஓடுதுன்னுதானே இருக்கு என்றேன். அதைச் சொன்னபோதே எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது.

மானேஜர் எல்லோர் முன்னாலும், “என்னய்யா பாத்துக்கினு இருந்த? உன் வீட்டம்மா செஞ்ச திரதானே, நம்பி உக்காந்துட்டியா?” என்றார். மெமோ கொடுத்திருக்கிறார்கள். தறிக்காரர்களுக்கு சராசரி போட்டுக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதை யாரும் நம்பவில்லை. கேட்டைத் தாண்டும்போது யாரும் என்னோடு பேசவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

உன்மேல் கோபம் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். நீ இங்கே இருந்தால் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

கமர்

செம்பூர்
3-5-1987

அன்பு மச்சானுக்கு,

அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை அன்றே பிரித்தேன். படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பக்கிரி அண்ணன் அப்படிக் கேட்டாரா என்று மனசு ஆறவில்லை. அந்தத் திரையில் நான் உங்களைத்தான் உட்காரவைத்து வரைந்தேன், உங்களையே மாட்டிவிட்டேன்.

ஆனால் தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன், மச்சான். உங்கள் கடிதத்தை எங்கள் தலைவருக்கு வரிக்கு வரி இங்கிலீஷில் சொன்னேன். கடைசியாகக் கேட்ட செய்தியைத்தான் திரை காட்டிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு புரோகிராம் ஒன்றுமே பேசவில்லை. பேசாமல் இருந்ததை நலம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பேசாமல் இருப்பது பதிலே இல்லை. இனி ஒவ்வொரு புரோகிராமும் நிமிடத்துக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் திரை தானாகவே மறுபடி போய்க் கேட்கும். அதற்கும் பதில் வராவிட்டால்தான் மணி அடிக்கும். கேட்பதற்கு எவ்வளவு சின்னக் காரியம், யாருக்கும் தோன்றவில்லை. தலைவர் என் முதுகில் தட்டாத குறை. எல்லா மில்லுக்கும் இதை மாற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் எழுதவே கை வரவில்லை. பெருநாளைக்கு வர முடியாது. மாதக் கடைசிக்குள் ஆறு மில்லில் மாற்ற வேண்டும், முதலில் சூரத். லீவை ரத்து செய்துவிட்டார்கள். பாப்பாவுக்கு கவுன் அனுப்பியிருக்கிறேன், அளவு உத்தேசம்தான். பெரிதாக இருந்தால் மதினியை உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள்.

மெமோவுக்கு என் கம்பெனியிலிருந்து ஒரு விளக்கக் கடிதம் வாங்கி அனுப்பட்டுமா? எழுதுங்கள்.

நிஷா

மூலக்குளம்
21-8-1987

அன்புள்ள நிஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். விளக்கக் கடிதம் வேண்டாம். என்னை நூல் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் குறையவில்லை. மூட்டை வருகிறது, மூட்டை போகிறது, பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திரை இல்லை. மிஷின் ரூமில் இப்போது தறிக்காரர் மண்ணாங்கட்டியின் மகன் பலராமன் உட்கார்ந்திருக்கிறான். உன் புதுத் திரை ரொம்ப ஒழுங்காக வேலை செய்கிறதாம். போனவாரம் ஒரு புரோகிராம் உறைந்தவுடனே மணி அடித்துவிட்டதாம். வந்து சொல்லிவிட்டுப் போனான்.

கவுன் சின்னதாக இருந்தது. உனக்கு அவளுடைய பழைய அளவு நினைவிலிருக்கிறது.

இன்னொன்று. பாப்பா அக்காவை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். “அது மாமி, அம்மா இல்ல” என்று திருத்தினேன். “அம்மா ரேடியோ மேல இருக்குது, இது வீட்டம்மா” என்றாள். அக்கா பாவம், அவளும் இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை “என்னடி கண்ணு” என்று கேட்டுவிட்டாள். அவளுக்கும் யார் இருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்துக்கு என்ன குறி போடுவது என்று யோசித்தேன். யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை. யாரும் மவுத்தாகவில்லை. நீயும் நானும் பேசிவைத்த கணக்கில் இதற்கு ஒன்றும் இல்லை. அதனால் போடவில்லை.

கமருஸ்ஸமான்

செம்பூர்
1-11-1987

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆகஸ்டில் நீங்கள் எழுதியதற்கு நான் நாலு வரியில் பதில் எழுதி, கூட பிஸ்கட் டப்பா அனுப்பினேன். அந்த நாலு வரிக்கு முன்னால் எழுதிக் கிழித்தவை ஏராளம். நான் பெற்ற பிள்ளைக்கு நான் ரேடியோ மேல் இருக்கிற ஒன்று. இதற்கு என்ன பதில் எழுதுவது.

இன்று நேராகவே எழுதுகிறேன். பிரான்ஸில் லியோன் என்ற ஊரில் ஒரு கம்பெனி எங்கள் திரையை வாங்கியிருக்கிறது. அங்கே மூன்று வருடம் இருந்து அவர்களுக்கு ஏற்றபடி செய்து கொடுக்க ஒருவரை அனுப்ப வேண்டும். நான் புதுச்சேரிக்காரி, பள்ளிக்கூடத்திலிருந்தே பிரெஞ்சு படித்தவள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். விசா வேலையெல்லாம் கம்பெனியே முடித்துவைத்திருக்கிறது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மெட்ராஸ் ஆபீஸும் தை மாதம் திறக்கிறது. அங்கே எனக்கு இடம் உண்டு, ஆனால் திரை வரைகிற வேலை இல்லை. விற்ற மிஷின்களைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற வேலை. வாரா வாரம் வீட்டுக்கு வரலாம்.

பொய் சொல்லப்போவதில்லை. எனக்கு லியோன் போக ஆசை. நான் வரைந்ததை முன்பின் தெரியாத ஒரு ஊரில் யாரோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் நீங்கள் ஒரு சொல் வா என்றால் மெட்ராஸுக்கு வந்துவிடுவேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வரமாட்டேன், சந்தோஷமாகவே வருவேன். இந்த ஒரு வருடத்தில் நீங்கள் ஒரு கடிதத்திலும் என்னை வரச் சொல்லவில்லை. கவுன் சின்னது என்றீர்கள், கிடங்கு என்றீர்கள், வா என்று மட்டும் எழுதவில்லை. நான் உங்களுக்கு வேண்டுமா, இல்லை நான் இல்லாமலே பழகிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். அதற்குள் உங்கள் தந்தி வந்தால் மெட்ராஸ். ஒன்றும் வராவிட்டால், நான் போவதில் உங்களுக்கு வருத்தமில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

உங்கள்,
நிஷா

செம்பூர்
15-11-1987

மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் தந்தி நேற்று, சனிக்கிழமை, வந்தது. வா என்று இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மூடுகிற வரைக்கும் கீழே வாசலிலேயே நின்றிருந்தேன். தந்திக்காரன் இரண்டு பேருக்குக் கொண்டுவந்தான், எனக்கு இல்லை. மேலே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருடப் பத்திரம். நேற்று தலைவரிடம் போய்க் கேட்டும் பார்த்தேன். மெட்ராஸ் இடத்துக்கு வேறு ஆளுக்கு எழுதியாகிவிட்டது என்றார்.

என் கடிதம் உங்கள் கைக்கு ஏழாம் தேதி போயிருக்கும். இங்கிருந்து போகும் கடிதம் அதற்கு மேல் தாமதித்ததே இல்லை. அப்படியானால் அத்தனை நாளும் நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தீர்கள். பொண்டாட்டியை வீட்டுக்கு வா என்று சொல்ல இவ்வளவு யோசனை வேண்டியிருந்ததா. கூப்பிடவே வேண்டாம் என்று இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. யோசித்துக் கூப்பிட்ட வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு வருவது.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு விமானம். லியோன் முகவரி போன பிறகுதான் தெரியும். பாப்பாவுக்கு என்ன சொல்வீர்களோ, உங்கள் இஷ்டம்.

ஜஹபர் நிஷா

★ ★★ ★ ★★★ ★
மூலக்குளம்
20-11-1987

நிஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் நேற்று மாலை வந்தது. இந்தத் தடவை நான் ரேடியோவின் மேல் வைக்கவில்லை, வாசலிலேயே நின்று பிரித்தேன். இது போய்ச் சேரும்போது நீ செம்பூரில் இருக்க மாட்டாய். விடுதியில் எடுத்து வைப்பார்களோ, உன் புது ஊருக்கு அனுப்புவார்களோ, தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ சொன்னது சரிதான், உன் கடிதம் ஏழாம் தேதி சனிக்கிழமை வந்தது. தபால்காரர் கையிலிருந்து பாப்பாதான் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். வழக்கம்போல மூலையைப் பார்த்தேன். குறி இல்லை. ரேடியோவின் மேல் வைத்தேன். அடுத்த வெள்ளி பதின்மூன்று.

நீ ஒரு நட்சத்திரம் போட்டிருக்கலாம். உனக்குத் தோன்றியிருக்காது. சென்ட்ரலில் நாம் பேசியதெல்லாம் என் கடிதங்களைப் பற்றித்தான். கவனிக்க வேண்டிய செய்தி பம்பாயிலிருந்து வரும் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடிகாரம் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியவள், அதையும் மறந்துவிட்டாய்.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். பாப்பா மடியில், அக்கா எதிரில். அன்பு மச்சானுக்கு என்று உரக்கத் தொடங்கினேன். ஸலாம் சொன்னேன். பிஸ்கட் டப்பா வரை படித்தேன். அதற்கு அப்புறம் என் கண் தாளில் போய்க்கொண்டிருந்தது, வாய் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. பம்பாயில் மழை என்றேன். பாலக்காட்டு அக்கா உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாங்க என்றேன். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் என்ற இடத்துக்கு வந்தபோது நின்றுவிட்டேன். பாப்பா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, “அப்பறம் அத்தா? அப்பறம் என்னா எழுதியிருக்குது?” என்று கேட்டாள். “அம்மா நோன்புப் பெருநாளைக்கு வருதாம்” என்றேன். வாயில் வந்தது அதுதான். அவள் இறங்கி ஓடிப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

அக்கா மடித்த வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். “நெசத்த சொல்லுடா, இன்னா எழுதியிருக்கா?” என்றாள். சொன்னேன். “இங்க எதுக்கு நிக்கற, ஓடு. அவ வந்தா நான் அரியாங்குப்பத்துல பெரிய தங்கச்சி வூட்டுக்குப் போயிடறேன், புள்ள அவளயே அம்மான்னு கூப்புடட்டும்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போனேன். ஒரு நாள் தாண்டிவிட்டது என்று தெரிந்துதான் கொடுத்தேன். நீ ஒரு நாள் பொறுப்பாய் என்று நினைத்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அத்தனை நாள் யோசித்தீர்களா என்று கேட்டிருக்கிறாய். இல்லை நிஷா. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கிடங்கிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது ரேடியோவின் மேல் உன் கடிதம் இருக்கும். கனமான உறையாக இருந்தது. நிறைய எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக ஒரு வாரம் எனக்குப் போனதில்லை. அந்த வாரத்தைத்தான் நீ கீழே வாசலில் நின்று கணக்குப் பார்த்திருக்கிறாய்.

மே மாதம் நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பேசாமல் இருப்பது பதிலே இல்லை என்று எழுதியிருக்கிறாய். பதில் வராவிட்டால் திரை மறுபடி போய்க் கேட்கும் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பிரான்ஸ்காரனே வாங்கியிருக்கிறான். என்னை நீ மறுபடி கேட்கவில்லை. மில் போன் நம்பர் உனக்கு மனப்பாடம். ஒரு தடவை, கமரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தால் கிடங்கிலிருந்து ஓடிவந்திருப்பேன்.

ஒன்று உண்மை. வா என்று நான் எழுதியதில்லை. நீ ஆசைப்பட்டுப் போன வேலை, நான் கூப்பிட்டு வந்தால் காலமெல்லாம் அது நம் நடுவில் கிடக்கும் என்று பயந்தேன். ஒரே ஒரு தடவை எழுதினேன், அது சனிக்கிழமை வந்து சேர்ந்தது. இனி எழுத மாட்டேன்.

நல்லபடியாகப் போய் வா. குளிர் அதிகமாம், உன் மார்புச் சளிக்கு ஆகாது, கம்பளி வாங்கிக்கொள். அக்கா அரியாங்குப்பம் போகவில்லை. போக வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. பாப்பா பெருநாள் எப்போது என்று தினமும் கேட்கிறாள். மே மாதம் வரும்வரை ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். அதற்குள் மறந்துவிடுவாள். கட்டிலுக்கு அடியில் தேடியதையும் மறந்துவிட்டாள் அல்லவா.

உறையின் மேல் இருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்து நீ பயப்பட வேண்டாம். முகவரி எழுதிவிட்டு கோந்து எடுக்கப் போயிருந்தேன், வந்து பார்த்தால் பாப்பா பென்சிலால் நாலு மூலையிலும் நடுவிலும் போட்டிருக்கிறாள். அம்மாவுக்குக் கடிதம் என்றால் அத்தா அதைப் போடுவார் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அழிக்கப் பார்த்தேன், அழுதாள், விட்டுவிட்டேன். என் கையில் விட்டிருந்தால் ஒன்றும் போட்டிருக்க மாட்டேன்.

கமருஸ்ஸமான்